நீ கேட்ட தண்ணியும் நான் மறைச்ச தகடும்

என் ராசாவுக்கு,

நீ கேட்ட மூணு பாட்டில் தண்ணியும் பிடிச்சு வச்சாச்சு. ஒண்ணு குழாய்த் தண்ணி, ஒண்ணு தொட்டித் தண்ணி, ஒண்ணு பாய்லர்ல இருந்து வடிச்சது. மூடிய இறுக்கி, எது எதுன்னு பேப்பர்ல எழுதி ஒட்டியிருக்கேன். "அம்மா, எங்க சார் வச்ச காயில் எல்லாம் கொச்சில வருஷக்கணக்கா நிக்குது, இங்க திருப்பூர்ல ஒரே வருஷத்துல அரிச்சுப் போகுது. கொச்சித் தண்ணில ஏதோ விசேஷம் இருக்குன்னு லேப்ல கொடுக்கச் சொல்றார்"னு நீ போன்ல சொன்னப்போ நான் சிரிச்சேன். எதுக்கும்மா சிரிக்கிறேன்னு கேட்டே. அடுப்புல பால் பொங்குதுன்னு சொல்லி போனை வச்சுட்டேன். பாலும் இல்ல, ஒண்ணும் இல்ல. மட்டாஞ்சேரித் தண்ணில விசேஷமாம்! வாயில வச்சா உப்புக் கரிக்கும், வேனல்ல சோப்பு நுரைக்காது, நான் கட்டிக்கிட்ட நாள்ல இருந்து, இருபத்தஞ்சு வருஷமா உங்கப்பா திட்டிட்டே குளிக்கிற தண்ணி அது. உள்ளுக்குள்ள எனக்கு எவ்வளவு குளுகுளுன்னு இருந்துச்சு தெரியுமா? உன் சார் பாட்டில்ல தண்ணி பிடிச்சு வெயில்ல தூக்கிப் பார்க்கிறதை நினைச்சு நினைச்சு அன்னைக்கு முழுக்க தனியா சிரிச்சேன். அடுத்த நாள் சிரிப்பு வரலை. அதனாலதான் இந்தக் கடுதாசி.

போன்ல சொல்லியிருக்கலாம். ஆனா போன்ல நீ "சரிம்மா, சரிம்மா"ன்னு சொல்லிட்டே வேற எதையோ பார்த்துட்டிருப்பே. இதை நீ முழுசா கேட்கணும். தமிழ் எழுத்து உனக்குத் தடுமாறும், மலையாளப் பள்ளிக்கூடத்துல போட்டது எங்க தப்பு. எழுத்துக் கூட்டியாவது படி. நடுவுல என் மேல கோவம் வந்தா எழுந்து ஒரு சாயா குடிச்சுட்டு வந்து மறுபடி படி. உங்கம்மா கோவக்காரின்னு உனக்குத் தெரியும். அவ எவ்வளவு நாள் கோவத்தை வச்சுக்கிட்டு இருப்பான்னு உனக்குத் தெரியாது.

நீ ரெண்டாங்கிளாஸ் படிச்சப்போ ஒரு இடவப்பாதி, ஜூன் மாசத்து அடை மழை. ஹோட்டல் துணி மலை மாதிரி கிடக்குது, ஒண்ணும் காயலை. நம்ம லாண்டரில அப்போ பாய்லர் வாங்கி ஒரு வருஷம்கூட ஆகலை. உங்கப்பா பாய்லர் ஓட்டுற சர்டிபிகேட் எழுதி வாங்கி, ரப்பர் விறகு போட்டு, ஸ்டீம் இஸ்திரி மிஷினுக்கு ஸ்டீம் கொடுத்துட்டிருந்தார். நான் ஒரு தலையணை உறையக் கொண்டுபோய் சிம்னிக்குப் பக்கத்துல கம்பில போட்டேன், காத்துல அது சிம்னி மேல போய் ஒட்டிக்கிச்சு. எடுக்கிறதுக்குள்ள தீய்ஞ்சு பழுப்பாயிடுச்சு. ஹோட்டல்காரன் கத்தினது கிடக்கட்டும். எனக்கு அந்தச் சூடு மனசுல ஒட்டிக்கிச்சு. பாய்லரத் தாண்டி வெளிய போற புகைக்கே இவ்வளவு சூடுன்னா, நாம விறகு வாங்கி காக்காவுக்குக் குளிர் காயக் கொடுக்கிறோம்னுதானே அர்த்தம்? இந்தப் பக்கம் பச்சத் தண்ணிய பாய்லருக்குள்ள தள்ளி அதைச் சுட வைக்க விறகு எரிக்கிறோம். பாய்லருக்குப் போற தண்ணி அந்தச் சிம்னிச் சூட்டுல ஒரு சுத்து சுத்திட்டுப் போனா என்னன்னு உங்கப்பாகிட்ட கேட்டேன். "பேசாம துணிய மடி"ன்னார்.

நான் பேசாம மடிக்கிறவளா? தோப்பும்படில மீன்பிடி போட்டுக்கு வெல்டிங் பண்ற சேட்டன்கிட்ட நானே போனேன். அவர்தான் இரும்புக் குழாயை வளைச்சு வளைச்சு சுருள் மாதிரி, அதான் காயில், செஞ்சு, புகை போற வழில ஒரு பெட்டி வச்சு அதுக்குள்ள மாட்டிக் கொடுத்தார். பாய்லர் இன்ஸ்பெக்டர் வந்து தட்டிப் பார்த்து, அழுத்திப் பார்த்து, சரின்னுட்டார். எட்டு நாள் வந்த விறகு ஒன்பதரை நாள் வந்துச்சு. உங்கப்பா, விறகு வண்டிக்காரன் வந்து "எந்தா சேச்சி, வேற ஆள்கிட்ட வாங்குறீங்களா"ன்னு கேட்டப்போ மீசையத் தடவிக்கிட்டார். அதெல்லாம் ஒரு மழைக்காலம்தான். அடுத்த வருஷம் குழாய் பொட்டுப் பொட்டா அரிச்சு ஒழுக ஆரம்பிச்சுச்சு. நான் ரெண்டு நாள் சாப்பிடலை. மூணாம் நாள் காலைல ஆறு மணிக்கு, அடுப்பு பத்த வச்ச உடனே, பெட்டியத் திறந்து பார்த்தேன். குழாய் மேல பூரா முத்து முத்தா வேர்த்திருந்துச்சு. ஐஸ் தண்ணி ஊத்தின டம்ளர் வேர்க்குமே, அதேதான். புகைல இருக்கிற ஈரம் குளிர்ந்த குழாய் மேல படிஞ்சு, கரியோட சேர்ந்து புளிச்ச தண்ணியாயிடுது. தொட்டேன், விரல் நுனி எரிஞ்சுச்சு. இரும்ப அரிக்காம என்ன பண்ணும்?

அதுக்கப்புறம் செஞ்சதுதான் நம்ம வீட்டு ரகசியம், நல்லா கேட்டுக்கோ. இஸ்திரி மிஷின்ல ஸ்டீம் ஆறி சுடுதண்ணியா வெளிய வருமே, அதைச் சாக்கடைல விடாம பாய்லருக்குத் தண்ணி போற தொட்டிக்கே திருப்பினேன். புகைக்கு ரெண்டு வழி வச்சேன். ஒரு வழி காயில் பெட்டிக்குள்ள, ஒரு வழி நேரா சிம்னிக்கு. நடுவுல ஒரு இரும்புத் தகடு, தள்ளினா வழி மாறும். காலைல தொட்டித் தண்ணி சில்லுனு இருக்கிற வரைக்கும் புகை நேராப் போகட்டும். தொட்டிக்குள்ள கை வச்சு, வச்ச கைய சடக்குனு எடுக்கிற அளவுக்குச் சூடானதும் தகட்டைத் தள்ளி புகையக் காயிலுக்கு விடு. சூடான தண்ணி போற குழாய் வேர்க்காது. வேர்க்காத குழாய் அரிக்காது. இவ்வளவுதான். நீ மூணாங்கிளாஸ் போறப்போ மாட்டின ரெண்டாவது காயில், இன்னைக்குக் காலைலயும் அதுலதான் தண்ணி போச்சு.

அப்போதான் உன் சார் வந்தார். ஹோட்டல்ல கரண்ட், எண்ணெய், விறகு மிச்சம் பிடிக்க யோசனை சொல்ல வந்த என்ஜினீயர். நம்ம விறகு எப்படிக் குறைஞ்சுதுன்னு கேட்டுட்டு வந்தார். பாலக்காட்டுப் பக்கத்துத் தமிழர். அடுக்களை வாசல்ல ஸ்டூல் போட்டு உட்கார்ந்து "அக்கா, உங்க கைச் சாயாவுக்கே வரலாம்"னு தேனாப் பேசுவார். உனக்கு ஒரு நீலப் பேனா கொடுத்தாரே, அந்த மாமாதான். நாலு நாள் வந்தார். காயில எதுக்கு வச்சேன், குழாய எத்தனை சுத்து வளைச்சேன்னு கேட்கக் கேட்க நான் சொன்னேன், அவர் வரைஞ்சார். என் பேச்சை ஒரு படிச்ச மனுஷன் எழுதி எடுத்துக்கிறாரேன்னு பூரிச்சுப் போயிட்டேன்டா. நாலு நாளும் பதினொரு மணிக்குத்தான் வருவார், அந்த நேரத்துக்குத் தொட்டி கொதிச்சுட்டிருக்கும், தகடு திறந்திருக்கும். காலை ஆறு மணி வேலைய அவர் ஒரு நாளும் பார்க்கலை.

ஆறு மாசம் கழிச்சு எர்ணாகுளத்துல ஒரு பெரிய ஹால்ல விழா, வாங்கன்னு கூப்பிட்டார். நான் கல்யாணப் பட்டுப்புடவை கட்டிட்டு, உன்னை இழுத்துக்கிட்டு, உங்கப்பாவ சட்டைய மாத்த வச்சு கூட்டிட்டுப் போனேன். மேடைல நம்ம காயில் படமாத் தெரிஞ்சுது. அதுக்கு எக்கனாமைசர்னு பேர். "என் வடிவமைப்பு"ன்னார், இங்கிலீஷ்ல. கேடயம் கொடுத்தாங்க. யாரோ கீழ இருந்து, இது எங்க ஓடுதுன்னு கேட்டாங்க. அப்போ என்னைக் கை காட்டினார். நான் எழுந்து நின்னேன். அடுக்களைல தமிழ் பேசினவர் மேடைல மலையாளத்துல சொன்னார்: "அது நம்முடெ அலக்குகாரி சேச்சி. நல்ல சாயா தரும்." துணி வெளுக்கிறவ, சாயா நல்லாப் போடுவான்னு. ஹாலே சிரிச்சுது. கெட்ட சிரிப்பு இல்ல, பாசமாத்தான் சிரிச்சாங்க, அதுதான் எரிஞ்சுது. துணி வெளுக்கிறதுல எனக்கு வெட்கம் இல்ல, நம்ம குடும்பம் நாலு தலைமுறையா இந்த ஊர்ல அதுலதான் சாப்பிடுது. என் மூளைய எடுத்துக்கிட்டு என் சாயாவுக்கு நன்றி சொன்னானே, அந்த நன்றியத்தான் நான் மன்னிக்கலை. இன்னைக்கும் மன்னிக்கலை. உங்கப்பா என்ன பண்ணார் தெரியுமா? எல்லாரோடயும் சேர்ந்து கை தட்டினார். அதுக்கு அவருக்கு ஒரு வருஷம் கட்டன்சாயாதான், பால் கிடையாது. காரணம் அவருக்குத் தெரியும்.

அடுத்த வாரமே உன் சார் டேப்பும் நோட்டுமா மறுபடி வந்தார். சொந்தமா கம்பெனி ஆரம்பிக்கிறாராம், பெருசு பெருசா செஞ்சு எல்லா இடத்துலயும் வைக்கப் போறாராம். அளந்தார், எழுதினார், தகட்டுக்கிட்ட வந்து நின்னார். "இது எதுக்கு அக்கா?"ன்னார். டேய், அப்போ எனக்குத் துளி பயம் இல்ல. அவ்வளவு சந்தோஷம், இதை எழுதறப்பவும் அது போகலை. "அது கரி தட்டுறதுக்கு வச்சது சார்"னேன். "தொட்டிக்கு வர்ற இந்தச் சுடுதண்ணி?" "சும்மா விடுறது சார், கஞ்சித்துணி அழுக்கெல்லாம் கலந்து வரும், உங்களுக்கு வேண்டாம்"னேன். "வேற ஏதாவது உண்டா?"ன்னார். "வேற ஒண்ணும் இல்ல, சாயா குடிக்கிறீங்களா சார்?"ன்னு கேட்டேன். குடிச்சுட்டுத்தான் போனார். ரெண்டையும் அவர் படத்துல இருந்து அடிச்சுட்டார்.

அப்புறம் எனக்கு ஒரே திருவிழாதான். ஏலூர் பக்கம் ஒரு பேக்டரில வச்சது அரிச்சுதுன்னு கேள்விப்பட்டேன், அன்னைக்குப் பாயசம் வச்சேன். எதுக்குன்னு நீ கேட்டே, சும்மான்னேன். வேற ஒரு ஹோட்டல்ல அரிச்சுது, அவர் இரும்பு மாத்தினார், கனம் கூட்டினார், வெளியூர்ல இருந்து குழாய் வரவழைச்சார். எதுவும் நிக்கலை. ஒவ்வொண்ணும் காதுக்கு வர வர என் வயிறு நிறைஞ்சுது. நான் சொல்லாம விட்ட ரெண்டு வார்த்தை அவன் கம்பெனிய உள்ள இருந்து அரிச்சுட்டிருக்குன்னு நினைச்சு நிம்மதியாத் தூங்கினேன். கோவத்தைப் பத்தி உனக்குப் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்ல. ஒண்ணு மட்டும் சொல்றேன், அந்த ரெண்டு வருஷம் எனக்கு நல்லாத்தான் இருந்துச்சு. நல்லா இருக்கிறதுதான் அதுல இருக்கிற ஆபத்து.

வைட்டிலாகிட்ட ஒரு ஹோட்டல் லாண்டரில செல்வின்னு ஒரு பொண்ணு வேலை செஞ்சா. தேனிப் பக்கம் ஊர், புருஷன் கட்டட வேலை. உன் சார் வச்ச காயில் பெட்டிக்குப் பக்கத்துல துணி எடுக்கக் குனிஞ்சிருக்கா, அரிச்ச குழாய் பிளந்து சுடுதண்ணி அவ வலது கைல பீச்சி அடிச்சிருச்சு. முழங்கைல இருந்து விரல் வரைக்கும். பஸ்ல யாரோ பேசிட்டு வந்தாங்க, அப்படித்தான் எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்குப் போனேன். கைய வெள்ளைத் துணில சுத்தி வச்சிருந்தாங்க. என்னை யாருன்னே தெரியாது, இருந்தாலும் "உட்காருங்கக்கா"ன்னு கால நகட்டி இடம் விட்டா. ஆரஞ்சு உரிச்சுக் கொடுத்துட்டு, தகடு விஷயம் பூரா சொல்லிட்டேன். அவ அழலை, திட்டலை. இடது கைல இருந்த சுளையத் தட்டுல வச்சுட்டு, "முன்னாடியே சொல்லியிருக்கலாமேக்கா"ன்னா. அவ்வளவுதான் சொன்னா. நான் அடிச்ச அடி அவன் மேல விழவே இல்ல, இவ கைல விழுந்திருக்கு. என் வாழ்க்கைல நான் தலை குனிஞ்சு வெளிய வந்த ஒரே இடம் அது.

ஆனா உன் சார்கிட்ட போய்ச் சொன்னேனா? இல்ல. செத்தாலும் சொல்ல மாட்டேன்னு இருந்தேன். அதுக்குப் பதிலா ஞாயித்துக்கிழமை தோறும் டிபன் டப்பாவ எடுத்துக்கிட்டு, பஸ் மாறி மாறி, அவர் காயில் வச்ச ஒவ்வொரு இடமாப் போனேன். செல்வியோட லாண்டரிக்கு முதல்ல. பாய்லர் ஓட்டுறவங்களப் பார்த்து, தகடு எங்க வெட்டணும், சுடுதண்ணிய எப்படித் தொட்டிக்குத் திருப்பணும்னு காட்டிக் கொடுத்தேன். தோப்பும்படிச் சேட்டன் வந்து மாட்டினார், இன்ஸ்பெக்டருக்குக் காட்டி ஒப்புதலும் வாங்கினாங்க. நீ நினைச்சே, அம்மா கோயிலுக்குப் போறான்னு. இந்த ஊர் பாய்லர்க்காரங்க இன்னைக்கும் அதை அக்கா தகடுன்னுதான் சொல்றாங்க. கொச்சில காயில் நிக்கிறதுக்கு இதுதாண்டா காரணம், தண்ணியும் இல்ல, மண்ணும் இல்ல. உன் சாருக்கு இவ்வளவு வருஷமா இது எப்படித் தெரியாமப் போச்சுன்னு கேட்பே. நாங்க யாரும் சத்தியம் பண்ணி மறைக்கலை. அவர் பாய்லர் ரூமுக்கு வருவார், மீட்டரைப் பார்ப்பார், முதலாளிகிட்ட பேசுவார், போயிடுவார். அடுப்பு முன்னாடி நிக்கிற ஆள்கிட்ட "அதென்னப்பா புதுத் தகடு"ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். நீ வேலைக்குப் போற இடத்துல முதல் சாயாவ அடுப்புக்காரனோட குடி. உங்கம்மா சொல்ற புத்திமதி இது ஒண்ணுதான், இதை மட்டும் மறக்காதே.

இப்போ உன்கிட்ட ஒப்புக்க வேண்டியது. இந்தக் கம்பெனில வேலை கிடைச்சிருக்குன்னு நீ பேப்பரைக் காட்டினப்போ அந்தப் பேரைப் பார்த்த உடனே எனக்குத் தெரியும். வேண்டாம்னு சொல்லியிருக்கணும், இல்ல எல்லாத்தையும் சொல்லி அனுப்பியிருக்கணும். ரெண்டும் செய்யலை. நெத்தில விபூதி பூசி அனுப்பி வச்சேன். அலக்குகாரி மகன் அவன் ஆபீஸ்லயே உட்கார்ந்து, ஒரு நாள் அவன் தலைல கேடயம் கவுத்துவான்னு ஒரு ஆசை. உன் வேலைய, உன் முதல் சம்பளத்தை, என் பழிக்குக் கைத்தடியா எடுத்துக்கிட்டேன். இதுக்கு நீ எவ்வளவு கோவப்பட்டாலும் தகும். நான் குறுக்கே பேச மாட்டேன்.

ரெண்டு நாள் முன்னாடி நீ பாட்டில் கேட்டியே, அப்போதான் திருப்பூர்ல சாயப்பட்டறை சாயப்பட்டறையா அந்தக் காயில் மாட்டியிருக்குன்னு சொன்னே. சிரிப்பு நின்னது அதனாலதான். அங்க ஒவ்வொரு பட்டறைலயும் ஒரு செல்வி குனிஞ்சு துணி எடுத்துட்டிருப்பா. என்னால திருப்பூருக்கு ஞாயித்துக்கிழமை தோறும் டிபன் தூக்கிட்டு வர முடியாது, முட்டி வலிக்குது. அதனால நீ சொல்லிடு. லேப் ரிசல்ட் வர்ற வரைக்கும் காத்திருக்காதே, இதைப் படிச்ச அன்னைக்கே சொல்லு. முதல்ல பட்டறைல அடுப்பு முன்னாடி நிக்கிறவங்ககிட்ட சொல்லு, குழாய் ஒழுகினா பக்கத்துல போகாதீங்கன்னு சொல்லு. அப்புறம் உன் சார்கிட்ட போ.

ஆனா அவர் ரூமுக்குள்ள போய்த் தனியாச் சொல்லாதே. அப்படிச் சொன்னா அது அடுத்த வருஷம் அவரோட புது வடிவமைப்பாகிடும். எல்லாரும் உட்கார்ந்திருக்கிற மீட்டிங்ல, எழுந்து நின்னு சொல்லு. தண்ணி இல்ல சார், தகடுன்னு சொல்லு. எங்கம்மா கண்டுபிடிச்ச தகடு, அன்னைக்கு நீங்க கேட்டப்போ கரி தட்டுறதுக்குன்னு பொய் சொன்னா, ஏன் சொன்னான்னு உங்களுக்கே தெரியும்னு சொல்லு. என் பொய்யையும் சேர்த்துச் சொல்லு, அதை விட்டுடாதே. செல்வி கையப் பத்தியும் சொல்லு, அதுல பாதி என் பங்குன்னு சொல்லு. வேலை போகலாம். போனா வீட்டுக்கு வா, இஸ்திரி மிஷின் இருக்கு, பட்டினி கிடக்க மாட்டே. போகலைன்னா, படத்துல அந்தத் தகட்டுக்குப் பக்கத்துல என் பேரை எழுதச் சொல்லு. அலக்குகாரின்னு போட வேண்டாம், அக்கான்னும் போட வேண்டாம், முழுப் பேர், என் அப்பா பேரோட.

நம்பலைன்னா அவரையே வந்து பார்க்கச் சொல்லு. பதினொரு மணிக்கு இல்ல, காலைல ஆறு மணிக்கு, அடுப்பு பத்த வைக்கிற நேரத்துக்கு வரச் சொல்லு. தகட்டை நானே தள்ளிக் காட்டறேன். பச்சத் தண்ணி விட்டா குழாய் எப்படி வேர்க்குதுன்னு கிட்ட நின்னு பார்க்கட்டும். விரலை வச்சு அந்த எரிச்சலையும் தெரிஞ்சுக்கட்டும். எத்தனை தடவை கேட்டாலும் பொறுமையாச் சொல்லித் தருவேன், ஒண்ணையும் மறைக்க மாட்டேன்.

சாயா மட்டும் கிடையாதுன்னு சொல்லிடு.

உன் அம்மா